லங்காவியில் இறங்கியவன்

அத்தியாயம் ஒன்பது

கோபமாக இருக்கும்போது கார் ஓட்டக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே சட்டம். அதைப் போட்டவர் சந்திரவதனா அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் ரோட்டில் மஞ்சள் விளக்கைக் கண்டும் காணாததுபோலப் பறந்தவரும் அவரேதான்.

"அக்கா, நாம துப்பறியிறவங்க. போலீஸ் நம்மைத் துரத்துற மாதிரி வச்சிடாதீங்க," என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசியும், சுதர்சன்."

வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கும் ஏறியது.

விஷயம் இதுதான். டண்டினொங்கில் ஃப்ரிட்ஜ், ஏசி திருத்துகிற முரளிதரன், ஜனவரி ஐந்தாம் தேதி தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனார். கூட்டிப் போனவர் வரதராஜன், கிளேட்டனில் ஒரு தமிழ் மன்றத்தின் தலைவர். அவருக்குச் சொந்தமாக 'அலைமகள்' என்று ஒரு பாய்மரப் படகு புக்கெட்டில் நின்றது. அங்கிருந்து தீவு தீவாகத் தெற்கே இறங்கி, மலேசியாவின் லங்காவி வரை போவது திட்டம். படகைத் தானாகத் திசை பிடித்து ஓட்டும் கருவி பழுது, எஞ்சினும் இருமிக்கொண்டிருந்தது. கூடவே வந்து கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றுதான் முரளியைக் கூட்டிப் போனார்.

பதினேழாம் தேதி வரதராஜன் மட்டும் திரும்பி வந்தார். தன் கணவர் எங்கே என்று கேட்ட முரளியின் மனைவி நிரூபாவிடம், "லங்காவியில பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போட்டார், பிள்ளை. கரையில ஆரோ காத்துக்கொண்டு நிண்டது போலக் கிடந்தது," என்றார். அந்த 'ஆரோ' போதாதா நம் சனத்துக்கு? எட்டே நாளில் அது மெல்பேர்னைச் சுற்றி வந்து, கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு மலாய்க்காரியாக வளர்ந்துவிட்டது. வெரிபீயில் என் ரூம்மேட்டுக்குக்கூட அவள் பெயர் தெரிந்திருந்தது!

வளர்ந்த மனிதர், தன் விருப்பப்படி போய்விட்டார் என்றால் போலீஸ் என்ன செய்யும்? லங்காவியில் விடுதிகளில் மட்டும் விசாரித்தார்கள். தாய்லாந்துப் பக்கம் யாரும் திரும்பியே பார்க்கவில்லை. முரளி எங்காவது அடிபட்டுக் கிடந்தால், நாங்கள் வீணாக்கும் ஒவ்வொரு நாளும் அவர் உயிரிலிருந்து கழிகிறது. அக்காவின் கால் ஆக்சிலேட்டரை அப்படி மிதித்ததற்குக் காரணம் அதுதான்.

என் கையில் இருந்தது வரதராஜனின் கடல் நாட்குறிப்பில் ஒரு பக்கம். நேரம், திசை, காற்று, வானம் எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் குறித்து வைப்பது படகோட்டிகளின் வழக்கம். மனிதர் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்.

'ஜனவரி 12, பகல் 12.30. லாந்தா தீவின் தென்முனை தாண்டிக் கிழக்கே திரும்பினோம். காற்று இல்லை, எஞ்சினில் ஓட்டம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. முரளி இடப்பக்கத்தில் நிழல் சீலை கட்டினார். நான் சக்கரத்தைப் பிடித்தபடியே மீன்கறியும் சோறும் சாப்பிட்டேன்.'

"மீன்கறி வரைக்கும் எழுதியிருக்காரு. முரளி முகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி இல்ல," என்றேன். "அக்கா, லங்காவியில படகு நிறுத்துற துறை எல்லாத்துக்கும் போன் பண்ணிட்டேன். எங்கயும் அலைமகள் இல்ல. வரதராஜனைக் கேட்டா, வெளியில குடாவில நங்கூரம் போட்டிருக்கேங்கிறாரு. அந்தக் குடாவில நூறு படகு நிக்குதாம்."

"நிக்கட்டும். முதல் நிரூபாப் பிள்ளையைப் பாப்பம்."

*

நிரூபா அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனால், கேக் பெட்டிகளைக் குப்பைத் தொட்டியில் எறிந்துகொண்டிருந்தார். மூன்று பெட்டி. பிரிக்கக்கூட இல்லை.

"நான் அழுறனோ எண்டு பாக்க வருகினம் அக்கா. வெறுங்கையோட வந்தா வடிவில்லை எண்டு கேக்கும் கொண்டு வருகினம். எனக்கு உவையின்ர கேக் வேண்டாம். என்ர மனுசனைத் தேடச் சொல்லுங்கோ."

"அதுக்குத்தான் வந்தனாங்கள். அவர் கடைசியா அனுப்பின படத்தைக் காட்டும்."

வீட்டுக்குள் வெக்கை தாங்கவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். நிரூபா போனை நீட்டினார். ஜனவரி பதினொன்று, பகல் பன்னிரண்டு நாற்பது. புக்கெட்டிலிருந்து பீபீ தீவுக்குப் போகும் வழியில், படகின் பின்பகுதியில் முரளி. ஒரு கையில் போன், மறு கையில் சோற்றுக் கோப்பை. பின்னால் ஓட்டுகிற சக்கரம், அதன் முன்னே திசைகாட்டி. சக்கரத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு இறுகக் கட்டியிருந்தது. கீழே ஒரு வரி: 'சாப்பிடுறன். நீயும் சாப்பிடு.'

"சக்கரத்துக்கு அரைஞாண் கட்டி விட்டிருக்காரு. கண்ணு படாம இருக்கவா?" என்றேன்.

நிரூபா சிரிக்கவில்லை. எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரலாம் என்று கதிரையை நகர்த்தினேன். பிடரியில் வெயில் சுளீரென்று விழுந்தது.

"தம்பி, அங்கால போகாதேங்கோ. மத்தியான வெயில் வடக்காலதானே அடிக்கிறது. அதுக்குத்தான் இவர் இந்தப் பக்கம் பாத்துச் சீலை கட்டினவர்," என்றார் நிரூபா.

அக்கா தலையை நிமிர்த்தித் தாழ்வாரத்தின் பச்சைச் சீலையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, என் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"திசைகாட்டி என்ன காட்டுது?"

"கிழக்கு."

"சீலை எந்தப் பக்கம் கட்டிக் கிடக்கு?"

"வலப்பக்கம்."

"உங்கட திருச்சியில தை மாசம் மத்தியான வெயில் எந்தப் பக்கத்தால அடிக்கும்?"

"எங்க ஊர்ல எல்லாப் பக்கமும் அடிக்கும்க்கா," என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். "தெற்குப் பக்கம். தை மாசம் தெற்கு ஜன்னலைத் திறக்கவே விட மாட்டாங்க அம்மா."

"யாழ்ப்பாணத்திலயும் தெற்குதான். தாய்லாந்திலயும் தெற்குதான். எல்லாம் பூமியின்ர மேல் பாதி. மெல்பேர்ன் கீழ்ப் பாதி, அதால இஞ்ச வடக்கு." அக்கா நாட்குறிப்புப் பக்கத்தை மடியில் விரித்தார். "கிழக்க போற படகுக்கு வலப்பக்கம் தெற்கு. முரளி சரியாத்தான் கட்டியிருக்கிறார். ஆனா அடுத்த நாள், அதே கடலில, அதே நேரத்தில, அதே கிழக்க போகேக்க இடப்பக்கம் கட்டினவராம். ஒரு இரவுக்குள்ள சூரியன் வடக்க போட்டுதோ?"

எனக்கு இப்போதுதான் உறைத்தது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஒரு மனிதன் யோசித்து எழுதுவதில்லை. வீட்டில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை எழுதிவிடுவான்.

"வரதராஜன் இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்?" என்று கேட்டார் அக்கா.

"நாப்பது வருசம். சின்னப்பிள்ளையாய் வந்தவர் எண்டு ஒவ்வொரு மேடையிலயும் சொல்லுவார்."

"அப்ப இந்த நாட்குறிப்புக் கடலில எழுதினதில்லை. இஞ்ச, தன்ர வீட்டுத் தாழ்வாரத்தில இருந்து எழுதினது. ராஸ்கல்!"

பன்னிரண்டாம் தேதி என்ன நடந்ததோ, அதை மறைக்கத்தான் இந்தப் பொய். அந்த அளவுக்கு மறைக்க வேண்டியது என்னவாக இருக்கும்? அதை அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமலே நிரூபாவுக்கு விளங்கிவிட்டது.

"இண்டைக்கு ரெண்டு மணிக்கு மன்ற ஹோலில வரதராஜன்ர கூட்டம்," என்றார் எழுந்தபடி. "தான் கப்பல் ஓட்டின கதை சொல்லப் போறாராம். எனக்கும் நோட்டீஸ் வந்தது. நானும் வாறன்."

*

கிளேட்டனில் அந்த ஹாலுக்குள் நுழைந்ததுமே பொரித்த ரோல்ஸ் வாசனையும் கிசுகிசுப்பும் சேர்ந்து வந்தன. நூறு பேர் இருக்கும். நிரூபாவைக் கண்டதும் பேச்சு நின்றது, பிறகு தணிந்த குரலில் மறுபடி தொடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்து ஆளிடம் திரும்பி, "பாவம்" என்று சொன்னார். அந்தப் பாவத்தில் பாவம் கொஞ்சமும் இல்லை. அப்படியே எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடலாமா என்று வந்தது எனக்கு.

மேடையில் வரதராஜன். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடுகள், தலையில் கப்டன் தொப்பி. திரையில் சுண்ணாம்புப் பாறைகளும் பச்சைக் கடலும் மாறி மாறி ஓடின.

"...காத்து ஓய்ஞ்சு போச்சு. நான் சொன்னன், முரளி, பயப்படாதேங்கோ, வரதன் இருக்கிறன்..."

கைதட்டினார்கள். முரளி பயந்தாராம், அதற்குக் கைதட்டுகிறார்கள்! நிரூபாவின் விரல்கள் கைப்பையை நெரித்தன.

அக்கா எழுந்தார். "ஒரு கேள்வி கேக்கலாமோ?"

"ஓம் ஓம், தாராளமாய்."

"பன்னிரண்டாம் திகதி கிழக்க போகேக்க இடப்பக்கம் சீலை கட்டினதா எழுதியிருக்கிறீங்கள். ஏன் இடப்பக்கம்?"

வரதராஜன் சிரித்தார். "வெயில் அந்தப் பக்கமெல்லோ? மத்தியானம் சூரியன் உச்சியில, கொஞ்சம் வடக்கால நிக்கும். இது தெரியாமலோ எல்லாரும் வடக்குப் பாத்த வீடு தேடித் தேடி வாங்குறீங்கள்?"

கொஞ்சப் பேர் சிரித்தார்கள். கொஞ்சப் பேர் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு முதியவர் விரலை நீட்டி ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, சத்தமாகவே கேட்டார்: "வரதன், தாய்லாந்து எங்கட ஊர் போலதானே? அங்க தை மாசம் வெயில் தெற்காலயெல்லோ?"

சிரித்தவர்களும் நிறுத்தினார்கள். வரதராஜன் மேசையில் தண்ணீரைத் தேடினார்.

அக்கா மேடையை நோக்கி நடந்தபடியே கேட்டார். "முரளியின்ர படத்தில சீலை தெற்குப் பக்கம் கிடக்கு. கடலில நிண்ட மனுசன் அவர். நீங்கள் எங்க இருந்து எழுதினீங்கள், மிஸ்டர் வரதராஜன்? உங்கட வீட்டு வெறாண்டாவிலயோ?"

"இது... இது ஒரு சின்னப் பிழை..."

"படகில என்ன நடந்தது? அந்த மனுசனை எங்க தள்ளினீங்கள்?"

ஹால் முழுக்கச் சலசலப்பு எழுந்தது. வரதராஜன் இரண்டடி பின்வாங்கினார். மைக் சட்டையில் குத்தியிருந்ததை மறந்துவிட்டார் போல. அடுத்து அவர் கத்தியது நான்கு ஸ்பீக்கரிலும் அதிர்ந்தது.

"நான் தள்ளேல்லை! நான் போட்டிலயே இல்லை! நான் ஏறவே இல்லை!"

எங்களுக்கே தலை சுற்றியது. கொலைகாரனைப் பிடிக்க வந்த இடத்தில் இது என்ன கதை?

என் கண்ணுக்குள் அந்தச் சிவப்புக் கயிறு வந்து நின்றது. "அக்கா, அந்தச் சக்கரம்!" என்றேன். "ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் சாப்பிடும்போது மத்தவர் சக்கரத்தைப் பிடிப்பாங்க. தானா ஓட்டுற கருவி பழுது. அவர் ஏன் கட்டிப் போட்டாரு? பிடிக்க வேற ஆள் இல்ல. தனியாத்தான் போயிருக்காரு!"

அதைப் பார்த்து அரைஞாண் என்று ஜோக் அடித்தவன் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"தனியாவோ?" என்றார் நிரூபா.

வரதராஜன் கதிரையில் தொப்பென்று விழுந்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உடைந்து உடைந்துதான் வந்தது. பதினொன்றாம் தேதி காலை புக்கெட் துறைமுகத்தை விட்டு வெளியே பத்து நிமிடம் போனதும் அவர் குடல் பிரட்டி வாந்தி எடுத்திருக்கிறார். படகைத் திருப்பிக் கரையில் இறங்கி, ஹோட்டலில் அறை எடுத்துவிட்டார். படகைத் தனியாக லங்காவிக்குக் கொண்டுவரச் சொல்லி முரளியை அனுப்பினார். வீட்டுக்குச் சொன்னால் பயப்படுவார்கள் என்று முரளியும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவருடைய போன் அடிக்கவே இல்லை.

"இண்டைக்கு வந்திடுவார், நாளைக்கு வந்திடுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்... பிறகு இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸும் அடிச்சாச்சு... எல்லாருக்கும் நான்தான் ஓட்டினனான் எண்டு சொல்லியாச்சு..."

"பாய்மரத்தைப் பற்றி ஒண்டும் தெரியாத மனுசனைத் தனிய அனுப்பினீங்களோ?" என்றார் அக்கா.

"இல்லை, அவர் மயிலிட்டிதானே, மீன்பிடிக்கிற ஊர். அவையளுக்குக் கடல் பழக்கம்தானே."

அக்காவோடு நான் வேலை பார்க்கத் தொடங்கி நான்கு வருடம். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"அவையள் எண்டா ஆர்?" என்றார், மிக மெதுவாக. "சொல்லுங்கோ. மைக்கில சொல்லுங்கோ. கடல்கரையில பிறந்தவனெண்டா சாகிறதுக்கும் பழக்கமோ? நீங்கள் சத்தி எடுத்ததை மறைக்க ஒரு மனுசனைக் கடலுக்குள்ள தொலைச்சீங்கள். தேடப் போனவங்களையும் வேற நாட்டுக்கு அனுப்பினீங்கள். போதாதெண்டு அவனுக்கு ஒரு பொம்பிளையையும் கட்டி வைச்சீங்கள்!"

அப்போது முன்வரிசையிலிருந்து வரதராஜனின் மனைவி விமலாதேவி எழுந்தார். சற்று முன் 'பாவம்' சொன்ன அதே பெண்மணி. இப்போது அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"வில்லியம்ஸ்டவுன் ஃபெரியிலயே சத்தி எடுக்கிற மனுசன்," என்றார் கணவனைப் பார்த்து. "இத்தனை நாள் கடலில நிண்டனான் எண்டு சொல்லேக்க நானும் நம்பினன். உங்கட சூட்கேசைத் துப்பரவாக்கேக்க அதுக்குள்ள முரளியின்ர பாஸ்போட் கிடந்தது. போட் பத்திரங்களும் கிடந்தது. மறந்து கொண்டு வந்திட்டீங்களாக்கும் எண்டு எடுத்து மேசை லாச்சிக்குள்ள வைச்சனான். பாஸ்போட் இல்லாமல் அந்த மனுசன் என்னெண்டு மலேசியாவில இறங்கினவர்? எனக்கு அது யோசிக்க வரேல்லையே!"

துறைமுக அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று படகில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கப்டன்தான் வைத்திருப்பாராம். இந்தக் கப்டன் இறங்கும்போது அதையும் சேர்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்.

அக்கா தன் போனில் கான்பராவின் கடல் மீட்பு அவசர எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, வரதராஜனின் வாய்க்கு நேரே பிடித்தார். "சொல்லுங்கோ. படகின்ர நிறம், நீளம், கிளம்பின நாள். ஒரு பொய் வந்தா இந்தப் போனை உங்கட தொண்டைக்குள்ள அடைப்பன்."

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் அதிகாரி ஒரே ஒரு தடவைதான் குரலை உயர்த்தினார்: "இரண்டு வாரம் கழித்தா சொல்கிறீர்கள்?"

*

ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தேநீர் ஆறிப் போனது. விமலாதேவி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து நிரூபாவின் மடியில் வைத்தார். நிரூபா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. அதிகாரி ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். ஜனவரி பதினான்காம் தேதி, தாய்லாந்தின் தெற்குக் கரையில், சத்தூன் மாகாணத்தில் கணவாய் பிடிக்கும் மீனவர்கள் ஒரு சேற்றுத் திட்டில் சாய்ந்து கிடந்த நீலப் பாய்மரப் படகைக் கண்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் ஆள் கிடந்திருக்கிறார். பாயின் குறுக்குக் கம்பு திரும்பித் தலையில் அடித்திருக்க வேண்டும். மண்டையில் காயம், கொதிக்கும் காய்ச்சல். காணாமல் போன படகுகளின் பட்டியலைத் தேடிப் பார்த்தார்களாம், அதில் அந்தப் படகு இல்லை. யாரும் புகார் கொடுக்கவே இல்லையே! படகில் ஒரு பத்திரமும் இல்லை. பின்புறத்தில் எழுதியிருந்த பெயர் தமிழில், அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

"உயிரோட இருக்கிறாரோ?" என்று தமிழிலேயே கேட்டார் நிரூபா. பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

இருக்கிறார் என்றது போன். பதினொரு நாளாக மாகாண மருத்துவமனையில். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் நினைவு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. என்ன கேட்டாலும் ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதுதான் அவர் பெயர் என்று நினைத்து அட்டையில் எழுதிக் கட்டிலில் மாட்டியிருக்கிறார்கள். அதிகாரி அதைத் தட்டுத் தடுமாறி வாசித்தார்.

"நி... ரூ... பா."

ஹாலில் யாரோ விசும்பினார்கள். நிரூபா விசும்பவில்லை. பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்து, பையின் வாயை இழுத்து மூடிவிட்டு எழுந்தார். மேடையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வரதராஜனை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்த நூறு பேரையும் வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"எட்டு நாளாய் உங்கட எல்லாரின்ர வாயிலயும் என்ர மனுசனுக்கு ஒரு பொம்பிளை இருந்தவ," என்றார். "அந்தப் பொம்பிளை நான்தான்."

நிரூபா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காரை எடுங்கோ. என்னை எயார்போட்டில விடுங்கோ."